குட்டியைப் பழக்கிய கை

கதை விடுகிறாள் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. கதை விடத் தெரிந்திருந்தால் பதினோரு வருஷம் குதிரை லத்தி அள்ளியா பிழைத்திருப்பேன்? எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைதான். குட்டி பிறந்த முதல் மணி நேரத்திலிருந்து அதைத் தொட்டுத் தடவி, மனுஷக் கைக்குப் பழக்குவது என் தொழில். அதனால் ஒரு கை ஒரு உடம்பை எப்படித் தொடும், எதற்காகத் தொடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நேரம்கூடச் சரியாக இருக்கும். பால் கொடுத்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். வேலை பார்த்த பண்ணையை மூடிவிட்டார்கள். நாலு மாதமாக அக்கா வீட்டுச் சாப்பாடு. அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் புருஷன், என் மாமா, அவரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவார். எனக்கு அவர் வைத்த பெயர் ‘மகாராணி’. “மகாராணி எழுந்தாச்சா?” என்று அவர் கேட்கும்போது காலை ஐந்தரைதான் ஆகியிருக்கும்.

மாமா அந்த இடத்தை வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முன்னால் வீடு, நடுவில் முற்றம், அந்தப் பக்கம் நீளமான பழைய கல் லாயம். லாயத்தில் வரிசையாக ஆறு அறைகள். ஐந்தில் குதிரைகள் நின்றன. கடைசி அறை மட்டும் காலி. அதுதான் பெரியது. மூன்று பக்கம் கல் சுவர், ஒரு பக்கம் கனமான மரக்கதவு. நிறைமாதமாக இருந்த செவலைக் குதிரையைக் குட்டி போட அங்கே கொண்டுபோனோம்.

செவலை வாசலிலேயே நின்றுவிட்டது. சாதுவான குதிரை. குழந்தை பிடித்து இழுத்தாலும் பின்னால் வரும். அன்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, மூக்கை விடைத்துக்கொண்டு, ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றது.

“விடுங்க மாமா, வேற அறையில போட்டுக்கலாம்” என்றேன்.

“நல்ல மாட்டுக்கு ஒரு சூடு” என்றார். பின்னால் இரண்டு சாத்து சாத்தினார். மூன்றாவதில் செவலை உள்ளே போனது.

மறுநாள் ராத்திரி 1.10க்குப் பனிக்குடம் உடைந்தது. 1.35க்குக் குட்டி வெளியே விழுந்தது. ஆண் குட்டி. நெற்றியில் நகம் அளவு வெள்ளை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் செவலை எழுந்திருக்கவில்லை. உள்ளே எங்கோ ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று கால்நடை டாக்டர் சொன்னார். அவர் வந்து சேர்ந்தபோதே ஈறு வெளுத்துப் போயிருந்தது. 3.40க்கு அது செத்தது.

குட்டிக்கு முதல் பால், அந்த மஞ்சள் சீம்பால், சில மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போயாக வேண்டும். இல்லாவிட்டால் பிழைக்காது. நான் யோசிக்கவில்லை. செத்த குதிரையின் மடியில் கை வைத்துக் கறந்தேன். சூடு ஆறாத மடி. ஒரு சொம்பு தேறியது. புட்டியில் ஊற்றிக் குட்டி வாயில் வைத்தேன். உறிஞ்சியது.

மாமா கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

“தாயை முழுங்கிட்டு வந்து நிக்குது. டாக்டர், ஒரு ஊசியைப் போட்டு முடிச்சிருங்க.”

“குடிக்குது மாமா! பாருங்க, நல்லா குடிக்குது!”

“இன்னைக்குக் குடிக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புட்டியைத் தூக்கிக்கிட்டு யாரு ஓடுறது? உங்கக்காவா?”

“நான் பார்த்துக்கறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பத்து நாள். உன் பாடு, குட்டி பாடு. ஒரு ஆள் உனக்கு ஒத்தாசைக்கு வரமாட்டான். பத்தாம் நாள் அது நொண்டினாலும் சரி, இருமினாலும் சரி, ஊசிதான். அதோட நீயும் வேற இடம் பார்த்துக்க.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். டாக்டர் பையை மூடினார். விடிவதற்குள் செவலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

குட்டியைப் பழக்குவது எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறந்தவுடன் அதைப் படுக்க வைத்து உடம்பு முழுவதும் தடவ வேண்டும். காதுக்குள் விரல் விட வேண்டும். மூக்கு, உதடு, வாயோரம், கழுத்து, மார்பு, முதுகு. அப்புறம் ஒவ்வொரு காலாகத் தூக்கி, உள்ளங்குளம்பில் தட்ட வேண்டும். பிற்காலத்தில் லாடம் அடிக்கும்போது பயப்படாமல் இருக்க இது. குட்டி முண்டும். உதறும். அப்போது விடவே கூடாது. முண்டும்போது விட்டால், முண்டினால் விட்டுவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். பிடித்தபடியே இருக்க வேண்டும். அடங்கி, மூச்சு விட்டு, உடம்பு தளர்ந்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும். கேட்க இரக்கமில்லாதது மாதிரி இருக்கும். ஆனால் அன்போடு செய்கிற வேலை அது.

அன்று காலை தலையும் காதும் மட்டும் செய்தேன். குட்டி களைத்திருந்தது, கால்களைச் சாயங்காலம் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணி. வைக்கோலில் மண்டியிட்டு அதன் முன்னங்காலை லேசாகத் தொட்டேன். முதல் தரம் தொட்டால் எந்தக் குட்டியும் காலை வெடுக்கென்று இழுக்கும். இது இழுக்கவில்லை. காலை மடக்கி, தூக்கி, என் உள்ளங்கையில் வைத்தது.

பிறந்து பதினாறு மணி நேரம் ஆன குட்டி.

யாரோ ஏற்கெனவே பழக்கியிருக்கிறார்கள். அதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேனே, அப்போது மாமா வந்திருப்பாரோ? என் வேலையில் மூக்கை நுழைத்துக் கெடுக்கப் பார்க்கிறாரோ? அப்படித்தான் நினைத்தேன். எரிச்சலாக வந்தது. பயம் வரவில்லை.

ராத்திரி நான் பக்கத்தில் தீவன அறையில் படுத்திருந்தேன். 12 மணிப் பால் கொடுத்தாயிற்று. இரண்டு மணிக்கு அலாரம். ஆனால் அலாரத்துக்கு முன்பே விழித்துவிட்டேன். 1.52.

ட்சக்… ட்சக்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற சத்தம். குதிரைக்காரர்கள் கூப்பிடுகிற சத்தம்தான். நான் சீட்டியடித்துக் கூப்பிடுகிறவள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எழுந்து போனேன். நான் போட்ட தாழ் போட்டபடியே இருந்தது. திறந்தேன். குட்டி பின்சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, நேராக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது. புட்டியைக் காட்டியும் திரும்பவில்லை. நானே போய்த் திருப்ப வேண்டியிருந்தது.

காலையில் மாமாவை முற்றத்தில் மறித்தேன்.

“ராத்திரி லாயத்துக்கு வந்தீங்களா?”

“எனக்கு வேற பொழப்பு இல்ல பாரு.”

“நாக்கால ட்சக் ட்சக்குன்னு கூப்பிட்டது யாரு அப்ப?”

“இந்த ஒண்ணுதான் குறைச்சல். உன்னைக் கூப்பிட எனக்கென்ன பைத்தியமா?”

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். “அவர் என் பக்கத்துலதான்டி படுத்திருந்தார். அந்தக் குறட்டையில நான்தான் ரெண்டு மணி வரைக்கும் தூங்கல. எனக்குத் தெரியாதா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “பேய்க்கு வாக்கப்பட்டவ நான். நீ புதுசா ஒரு பேயைக் கொண்டு வராதே” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு டாக்டர் ஒரு பெண் குதிரையைக் கொண்டுவந்தார். அதன் குட்டி செத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மடி நிறையப் பால். நம் குட்டியைச் சேர்த்துக்கொண்டால் புட்டிக்கு வேலையில்லை. அதன் பாலையே குட்டியின் மேல் தடவி, மெதுவாக அறைக்குள் விட்டோம்.

அது குட்டியை முகர்ந்தது. கழுத்து, முதுகு. எல்லாம் சரியாக இருந்தது. குட்டி மடியைத் தேடிக் குனிந்தது. அப்போது குதிரை தலையைத் தூக்கியது. குட்டிக்குப் பின்னால், சுவர் மூலையைப் பார்த்தது. காது இரண்டும் பின்னால் படிந்தன.

அடுத்த நிமிஷம் அது கத்திய கத்தலை நான் எந்தக் குதிரையிடமும் கேட்டதில்லை. பின்னங்காலால் எழும்பி, ஒருக்களித்திருந்த கதவில் ஒரு பலகையை உடைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

டாக்டர் வியர்வையைத் துடைத்தார். “குட்டி பிடிக்கலேன்னா குட்டியைக் கடிக்கும், உதைக்கும். இது குட்டியைத் தொடக்கூட இல்லையே…” என்றார். “அது குட்டியைப் பார்த்து மிரளலம்மா.”

“பின்ன எதைப் பார்த்து?”

அவர் மூலையைப் பார்த்தார். போகும்போது, “எதுவா இருந்தாலும் எனக்கு ஃபோன் பண்ணு” என்று மட்டும் சொன்னார்.

உடைந்த பலகை இருந்த இடத்தில் கதவில் ஒரு கை அகலத்துக்குச் சந்து விழுந்திருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விளக்கை எரியவிட்டு, வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.00. பால் கொடுத்தேன். வெளியே வந்தேன். தாழ் போட்டேன்.

2.20. குட்டி படுத்துத் தூங்கியது.

2.26.

ட்சக்… ட்சக்.

சத்தம் அறைக்கு உள்ளே இருந்து வந்தது. குட்டி உடனே எழுந்தது. நேராகப் பின்சுவருக்குப் போனது. நின்றது.

அதன் இடது காது மடங்கியது.

குதிரை காதை ஆட்டும், திருப்பும். எனக்குத் தெரியாதா? இது அப்படியில்லை. நடுவில் யாரோ இரண்டு விரலால் பிடித்து மடிப்பது போல் மடங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு பட்டென்று நிமிர்ந்தது. அப்புறம் வலது காது. மடங்கியது. நிமிர்ந்தது.

பிறகு மேலுதடு ஒரு பக்கமாக விலகியது. ஈறு தெரிந்தது.

பிறகு குட்டி ஒரு அடி பின்னால் வைத்தது. நின்றது. இன்னொரு அடி. மார்பில் கையை வைத்துத் தள்ளினால் குதிரை அப்படித்தான் பின்னால் போகும். அதைக் கற்றுக்கொடுக்க எனக்குப் பத்து நாள் பிடிக்கும்.

நான் கதவைத் தட்டிக் கத்தினேன். குட்டி என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன், பின்கட்டில் ஒரு மூலை போதும் என்று கெஞ்சினேன். வெளியே வைக்க முடியாது. பனி கடுமையாக இருந்தது. மற்ற ஐந்து அறைகளிலும் குதிரைகள்.

“வீட்டுக்குள்ள குதிரையா?” மாமா தேநீர்க் கோப்பையை டொக்கென்று வைத்தார். “மூணு நாள் ராத்திரி முழிச்சதுல மகாராணிக்கு உடம்பு வலிக்குது. அதுக்கு ஒரு பேய். நான் பார்த்துக்கறேன்னு சொன்ன வாய் எங்க போச்சு?”

“பொய் சொல்லலை மாமா.”

“சரி. இன்னைக்கு நீ உள்ள படு. வெளியில நானே பூட்டுறேன். சாவி என் தலைமாட்டுல. அப்ப எவன் வர்றான்னு பார்த்துரலாம். முடியாதுன்னா சொல்லு, இப்பவே டாக்டரைக் கூப்பிட்டு ஊசியைப் போடச் சொல்றேன்.”

“என்னங்க…” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரு.”

எனக்கும் ரோஷம். அதைவிட, அந்தக் குட்டியை இன்னொரு ராத்திரி அங்கே தனியாக விட மனசு வரவில்லை. ஒத்துக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பூட்டினார். கதவில் உடைந்த இடத்தையும் ஒரு பலகை வைத்து அடித்துவிட்டார். உள்ளே நான், குட்டி, வெந்நீர் ஃபிளாஸ்க் இரண்டு, பால் பவுடர், ஒரு கம்பளி, என் ஃபோன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய மஞ்சள் பல்பு. கடைசிவரை அது அணையவே இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். அணைந்திருந்தால் இருட்டில் பிரமை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன்.

12.00. குட்டி முழுப் புட்டியும் குடித்தது. என் மடியில் தலை வைத்துத் தூங்கியது.

2.00. மறுபடி குடித்தது. 2.12க்கு நோட்டில் எழுதினேன். கையெழுத்து ஒழுங்காகத்தான் இருக்கிறது.

2.20.

ட்சக்… ட்சக்.

குட்டி எழுந்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தது. என்னைப் பார்த்தது. படுத்தபடியே இருந்தது.

மறுபடி.

ட்சக்… ட்சக்.

இந்தத் தரம் என் காதுக்குப் பக்கத்தில்.

அது குட்டியைக் கூப்பிடவில்லை.

நான் பாய்ந்து கதவுக்குப் போனேன். தட்டினேன். கத்தினேன். பக்கத்து அறைகளில் ஐந்து குதிரைகள் நின்றன. ஒன்றுகூடக் கனைக்கவில்லை. ஒரு குளம்புச் சத்தம்கூட இல்லை.

2.23. மாமாவுக்கு ஃபோன் போட்டேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் மணி அடிப்பது எனக்கே கேட்டது. நாலு தரம் அடித்தது. எடுத்தார்.

“மாமா! கதவைத் திறங்க! மாமா!”

பதில் இல்லை. மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் இடது காதைத் தொட்டது.

விரல். சில்லென்று இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சூடாக இருந்தது. காய்ப்புக் காய்த்த விரல். காது மடலைப் பிடித்தது. மடித்தது. உள்ளே ஒரு விரல் நுழைந்தது.

என் முன்னால் யாரும் இல்லை. பல்பு எரிகிறது. வைக்கோல். சுவர். குட்டி. வேறு யாருமே இல்லை.

தட்டிவிட்டேன். கை காற்றில் போனது. ஆனால் பிடி விடவில்லை.

கழுத்துக்கு வந்தது. தடவியது. மேலிருந்து கீழே. நிதானமாக. தோள். முழங்கை. மணிக்கட்டு.

மார்பெலும்பில் ஒரு உள்ளங்கை பதிந்தது. தள்ளியது.

ஒரு அடி பின்னால் போனேன்.

நின்றது.

மறுபடி தள்ளியது.

இன்னொரு அடி…

முதுகு கல் சுவரில் முட்டியது.

கத்த வாயைத் திறந்தேன். வாயோரத்தில் ஒரு விரல் நுழைந்தது. குதிரை வாயில் பல் இல்லாத இடத்தில் கடிவாளம் போடுவதற்குத் தடவிப் பார்ப்போமே, அந்த மாதிரி… கடைவாய் ஈறைத் தடவியது. கடித்தேன். என் பல்லோடு பல் மோதியது. விரல் அங்கேயே இருந்தது.

முண்டினேன்.

பிடி இறுகியது.

உதைத்தேன். காலைப் பிடித்தது. கணுக்காலுக்கு மேலே. என் தோலில் நாலு குழி விழுவதைப் பார்த்தேன். என் கண்ணாலேயே பார்த்தேன். கால் தானாக மேலே எழும்பியது. பின்பக்கமாக மடங்கியது.

உள்ளங்காலில் தட்டியது.

டொக்.

டொக்.

டொக்.

எனக்குப் புரிந்தது. எந்த வேலையை எனக்குச் செய்கிறது என்று புரிந்துவிட்டது. அடங்கினால்தான் விடும். அதுவும் தெரியும். தெரிந்தாலும் உடம்பு கேட்கவில்லை. முண்டிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மூச்சு முட்டியது.

என் கை ஓய்ந்தது.

தலையைச் சுவரில் சாய்த்தேன்.

அடங்கினேன்.

விட்டது.

கழுத்தில் இரண்டு தரம் தட்டியது. மெதுவாக. நல்ல பிள்ளை என்று சொல்வது போல.

பிறகு…

வலது காதைத் தொட்டது.

ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம். முதலில் இருந்து. நானும் அப்படித்தானே செய்வேன்.

இந்தத் தரம் நான் முண்டவில்லை.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். வலது காலை அது தொட்டதும் நானே தூக்கிக் கொடுத்தேன்.

4.10க்கு முடிந்தது. அதன் பிறகு எதுவும் தொடவில்லை. நாலு மணிப் பாலை நான் கொடுக்கவில்லை. நோட்டில் அந்த வரி காலியாக இருக்கிறது. குட்டி எழுந்து வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அசையாமல் கிடந்தோம்.

5.30க்குப் பூட்டு திறந்தது. மாமா கண் சிவக்க நின்றார்.

“நடு ராத்திரி ஃபோன் போட்டு என்னடி விளையாட்டு?”

“கத்தினேனே மாமா… கேக்கலையா?”

“எங்க கத்தினே? எடுத்தா ஒரு வார்த்தை இல்ல. நாக்கால ‘ட்சக் ட்சக்’. என்னைக் குதிரைன்னு நினைச்சியா? வீட்டுல உக்காந்து சோறு தின்னுட்டு என்னையே நக்கல் பண்றியா?”

பின்னாலேயே வந்த அக்கா என் காலைப் பார்த்தாள். பாவாடைக்குக் கீழே கணுக்காலைச் சுற்றிக் கன்றிப் போயிருந்தது. ஒரு பக்கம் நாலு விரல். மறுபக்கம் கட்டைவிரல். அக்கா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் விரல் பாதி தூரம்தான் எட்டியது. மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வைத்தாள். அதுவும் எட்டவில்லை.

மாமா கையை உதறினார். “அவளே எதையாவது கட்டியிருப்பா.”

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அக்கா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். “டாக்டருக்கு ஃபோன் போடறேன், வண்டியோட வருவார். இவளும் குட்டியும் போகட்டும். குறுக்கே வந்தா நானும் கூடவே ஏறிடுவேன்.”

ஏழு மணிக்கு டாக்டர் வந்தார். குட்டியை வண்டியில் ஏற்றும்போது மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “ரெண்டு பொம்பளையும் ஒரு டாக்டரும்! வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க. அந்த அறையில நானே படுத்துக் காட்டுறேன். அப்ப எங்க கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்குவீங்க?” என்று சத்தமாகச் சொன்னார்.

குட்டி பிழைத்துக்கொண்டது. டாக்டர் பண்ணையில் ஒரு வெள்ளாட்டோடு சேர்த்து வளர்த்தோம். இப்போது மூன்று வயது. நான் அங்கேயே வேலை பார்க்கிறேன். அது ஓடும், துள்ளும், என் சட்டையைக் கடித்து இழுக்கும். எனக்கு அது போதும்.

நாங்கள் வந்த நாற்பதாவது நாள் அக்கா ஃபோன் செய்தாள். சாயங்காலம் 6.45. அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

“அவர் அந்த அறையில படுத்தார்டி” என்றாள்.

“எப்ப?”

“மூணு வாரம் ஆச்சு. உள்பக்கமாத் தாழ் போட்டுக்கிட்டுத்தான் படுத்தார். காலையில தட்டினேன், திறக்கல. ஆளைக் கூட்டிட்டு வந்து உடைச்சோம். பின்சுவர்ல மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தார்.”

“இப்ப எப்படி இருக்கார்?”

“நல்லா இருக்கார். சாப்பிடுறார், தூங்குறார். கத்தறதே இல்ல. ஒரு வார்த்தை கோபமா வரல. நில்லுன்னா நிக்கறார், வான்னா வர்றார். பாக்கறவங்க எல்லாம் என்னைக் கொடுத்து வெச்சவங்கறாங்க.”

அவள் அழுகிறாளா என்று கவனித்தேன். அழவில்லை.

“நேத்து அவருக்குக் கால் நகம் வெட்டலாம்னு கீழ உக்காந்தேன்” என்றாள். “சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கணுக்காலைத் தொட்டேன். உடனே காலை மடக்கித் தூக்கி என் கையில குடுத்தார். வெட்டினேன். கீழ வெச்சார். நான் கேக்காமலே அடுத்த காலைக் குடுத்தார். அதையும் வெட்டினேன்.”

“சரி…”

“முடிஞ்சுதுன்னு எழுந்திருக்கப் போனேன்டி. அவர் நகரல. மெதுவாக் குனிஞ்சு… ரெண்டு கையையும் தரையில ஊனினார். அப்புறம் ஒரு கையை மடக்கி, தூக்கி, என்கிட்ட நீட்டினார். அதை நான் பிடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னார்.”

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“பிடிச்சேன்” என்றாள் அக்கா. “கீழ வெச்சுட்டு, நாலாவதையும் குடுத்தார்.”